பதினேழாம் பிளாட்டில் ஒரு பூஜ்யம்

காட்டில் கணக்கெடுத்து வரும் தாள் சுத்தமாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். அதில் பிசின் ஒட்டியிருக்க வேண்டும். மழைத்துளி பட்டு பென்சில் மங்கியிருக்க வேண்டும். எழுதியதை அடித்துவிட்டு மேலே திருத்தியிருக்க வேண்டும். குறைந்தபட்சம் ஒரு கொசுவாவது நசுங்கிக் கிடக்க வேண்டும். இது எதுவும் இல்லாமல் கல்யாணப் பத்திரிகை மாதிரி ஒரு தாள் உங்கள் மேசைக்கு வந்தால், எழுதியவர் காட்டுக்குப் போனாரா அல்லது மோட்டலில் ஏசியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து எழுதினாரா என்று கேளுங்கள். உங்களில் பலருக்கு இதை நானே சொல்லியிருக்கிறேன். முதுகுக்குப் பின்னால் எனக்கு 'டவுட் மேடம்' என்று பெயர் வைத்திருப்பதும் தெரியும். காது இன்னும் நன்றாகத்தான் கேட்கிறது.

ஆனால் அந்தப் பாடத்தில் பாதியைத்தான் இத்தனை நாள் சொல்லிவந்தேன். மீதிப் பாதியைச் சொன்னால் என் மானம் போகும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது ரிட்டயர் ஆகிவிட்டேன், மானம் போனால் போகட்டும். தமிழ் தெரிந்து இந்த வேலைக்கு வந்திருப்பவர்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான் இருக்கிறீர்கள். உங்களிடம் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன்.

நடந்தது 2002-ல். எங்கள் அலுவலகம் அப்போது சன்னிவேலில், எல் கமினோ ரியலில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் இருந்தது. யாராவது வீட்டு பாட்லக் விருந்தில் என்னைப் பார்த்தால், "ஆன்ட்டி, நீங்க ஜாவாவா, டேட்டாபேஸா?" என்று கேட்பார்கள். "மரம் எண்ணுறேன்" என்பேன். சிரித்துவிட்டு, பாவம் ஏதோ லே-ஆஃப் போலிருக்கிறது என்று பேச்சை மாற்றிவிடுவார்கள்.

மரம் எண்ணுவதுதான் வேலை. சியரா மலைகளின் உயரத்தில் இருக்கும் பழைய ஊசியிலைக் காடுகள். பழைய காடு என்றால் பெரிய மரம் என்று நினைத்துக்கொண்டு வருகிறீர்கள், வந்த முதல் நாளே கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்கிறீர்கள். பெரிய மரம் அதில் ஒரு பங்குதான் அம்மா. நின்றபடியே செத்த மரம், விழுந்து மக்குகிற மரம், அது விழுந்ததால் இலைக்கூரையில் திறந்த ஓட்டை, அந்த ஓட்டை வழியாக வருகிற வெளிச்சம், அங்கே யாரும் நடாமல் தானாக முளைத்த கன்று, எல்லாம் சேர்ந்ததுதான் பழைய காடு. அந்தக் கன்றுகளை எண்ணுவதற்காகக் காட்டுக்குள் ஆங்காங்கே நடுவில் ஒரு இரும்புக் கம்பி நட்டு, சுற்றிலும் வட்டமாக ஒரு துண்டு நிலத்தை அளந்து வைத்திருப்போம். அதுதான் பிளாட். சில வருடங்களுக்கு ஒருமுறை அதே பிளாட்டுக்குப் போய் எண்ணி, பழைய எண்ணிக்கையோடு ஒப்பிடுவோம். காட்டுக்கு வாரிசு இருக்கிறதா என்பது அப்படித்தான் தெரியும்.

அந்த வருடம் எண்ணப் போனது ரமணன். அம்பத்தூர்க்காரன், சாஃப்ட்வேர் எஞ்சினியர். டாட்காம் கம்பெனிகள் கவிழ்ந்தபோது அவன் கம்பெனியும் கவிழ்ந்தது. நாங்கள் மேப்பும் டேட்டாபேஸும் பார்க்க ஆள் தேடிக்கொண்டிருந்த நேரம். நான் சொல்லித்தான் எடுத்தார்கள். அவனுடைய எச்-ஒன் விசா எங்கள் கம்பெனிக்கு மாறியது. அவன் மனைவி சுதாவுக்கு அப்போது ஏழாம் மாதம். ஒருநாள் இந்தியன் ஸ்டோரில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆன்ட்டி, உங்களாலதான் நாங்க இன்னும் இங்க இருக்கோம். இந்த ஜாப் போச்சுன்னா அடுத்த ஃப்ளைட்தான். டாக்டரே ட்ராவல் பண்ணக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க" என்றாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. அவள் கூடையில் இருந்த மாங்காயைப் பற்றிப் பேசிச் சமாளித்தேன்.

ரமணனோடு காட்டுக்குப் போன கேத்தி இரண்டாம் நாளே கணுக்கால் பிசகித் திரும்பிவிட்டாள். மீதி பிளாட்டுகளை அவன் தனியாக முடித்தான். பத்து நாள் கழித்து வந்து, என் மேசையில் தாள்களை வைத்தான்.

சுத்தமான தாள்கள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தது. தலைப்புக்கு நீல மை, எண்களுக்குக் கறுப்பு. ஒரு அடித்தல் இல்லை, ஒரு திருத்தல் இல்லை.

எனக்கு உடனே பாளையங்கோட்டை நினைவுக்கு வந்தது. பி.யூ.சி. படித்தபோது பிசிக்ஸ் லேபில் நாங்கள் ஊசலை ஆட்டிய அழகு எனக்குத்தானே தெரியும். விடை ஒன்பது புள்ளி எட்டு என்று புத்தகத்தில் இருக்கிறது. அதிலிருந்து பின்னால் கணக்குப் போட்டு, இருபது அலைவுக்கு இத்தனை வினாடி என்று 'அப்சர்வேஷன்' எழுதி, அதை அழகாக ரெக்கார்டு நோட்டில் ஏற்றி, முழு மார்க்கும் வாங்கினோம். ஊசல் பாவம், ஓரமாகத் தொங்கிக்கொண்டிருக்கும். வெள்ளைக்காரர் யாராவது சுத்தமான தாளைக் கொடுத்தால்கூட ஒரு நிமிடம் யோசிப்பேன். நம் ஊர்ப் பிள்ளை கொடுத்தால் யோசிக்கவே மாட்டேன். நம்மை நமக்குத் தெரியாதா?

அப்புறம் பதினேழாம் பிளாட்டைப் பார்த்தேன். ஒன்பது வருடத்துக்கு முந்தைய தாளில் அங்கே கன்றுகள் பூஜ்யம். ரமணனின் தாளில் நாற்பத்தொன்று. இடுப்பு உயரம், வெள்ளை ஃபர் என்ற ஊசியிலை மரம். மற்ற எல்லா பிளாட்டிலும் அப்போதும் இப்போதும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை. இதில் மட்டும் ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு கூட்டம்.

அந்த நிழலில் ஒரு ஃபர் கன்று ஒன்பது வருடத்தில் முழங்கால் உயரம் வந்தாலே அதிசயம். பொய் என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன். யாருக்காகப் பொய் என்பதும் பளிச்சென்று தெரிந்தது. நிலம் ஒரு குடும்பத்துக்குச் சொந்தம். அவர்களுடைய மேனேஜர் அந்தப் பெரிய மரங்களை வெட்டத் துடித்துக்கொண்டிருந்தார். கீழே வாரிசு தயாராக இருக்கிறது என்று எங்கள் அறிக்கை சொன்னால் போதும், ரம்பத்தோடு வந்துவிடுவார். கேத்தியிடம் போனில் விசாரித்தேன். "அந்த மேனேஜர்தான் ரமணனை தினமும் தன் பிக்கப் வண்டியில் கொண்டுபோய் விட்டாராம். லஞ்சுக்குக்கூடக் கூட்டிப் போனாராம்" என்றாள். எனக்கு வேறென்ன வேண்டும்?

ரமணனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நேராக பாஸ் லிண்டாவின் அறைக்குப் போய், இந்தத் தாள்களை நான் நம்பவில்லை என்றேன். லிண்டா வளவளவென்று பேசாத பெண்மணி. பொய்யான டேட்டா என்றால் அவனை வைத்துக்கொள்ள முடியாது, திங்கட்கிழமை காலை எழுத்தில் கொடு, அன்றைக்கே அவனை வேலையை விட்டு அனுப்பிவிடுகிறேன் என்றார். அன்று வியாழன். சுதாவின் கை என் கையைப் பிடித்திருந்தது நினைவுக்கு வந்தது. அதைத் தள்ளி வைத்தேன். நேர்மையாக இருக்கிறேன் என்ற நினைப்பு ஒரு மனுஷியை எவ்வளவு கல்லாக்கும் தெரியுமா?

ஆனாலும் எழுதுவதற்கு முன்னால் கையில் ஆதாரம் வேண்டும் என்று பட்டது. அவனைக் காப்பாற்ற இல்லை, தப்ப விடக்கூடாது என்பதற்காக. வெள்ளிக்கிழமை ரமணனிடம், "நாளைக்கு மலைக்குப் போவோமா? சும்மா ஒண்ணு ரெண்டு பிளாட்டப் பாத்துட்டு வரலாம்" என்றேன். அவன் முகம் மாறியது. "எந்த பிளாட் மேடம்?" என்றான். "பதினேழு" என்றேன். "அங்க போறது ரொம்ப கஷ்டம் மேடம். நான்தான் எண்ணிட்டேனே" என்றான். மாட்டினாய் மகனே என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்பினோம். நான்தான் ஓட்டினேன். ஃப்ரீவேயைத் தாண்டும்வரை வானிலை பற்றிப் பேசிவிட்டு, பிறகு மெல்லத் தூண்டில் போட்டேன்.

"அந்த மேனேஜர் உனக்கு ரொம்ப க்ளோஸோ?"

"க்ளோஸ்லாம் இல்ல மேடம். கேத்தி போனப்புறம் அவர்தான் டெய்லி டிராப் பண்ணாரு. ஒரு நாள் லஞ்ச் வாங்கித் தரேன்னு கூட்டிட்டுப் போனாரு. வெஜ்னு சொன்னேன். சிக்கன் சாலட் வந்துச்சு."

"அப்புறம்?"

"ஃப்ரைஸ் சாப்ட்டேன்."

"லஞ்ச்ல என்ன பேசுனீங்க?"

"பதினேழுல எவ்ளோன்னு கேட்டாரு. சொன்னேன். பயங்கர ஹேப்பி ஆயிட்டாரு. அவர் ஏன் அவ்ளோ ஹேப்பின்னு எனக்கு அப்ப புரியல மேடம்."

எவ்வளவு நன்றாக நடிக்கிறான் என்று பார்த்தேன்.

மலையடிவாரத்தில் பெட்ரோல் போட நிறுத்தினோம். பின்னால் இரும்புக் கம்பிகள், சிவப்பு நாடா, முன் சீட்டில் மேப். என் தலையில் முக்காடு. கடைக்காரர் இரண்டு முறை எட்டிப்பார்த்தார். நாங்கள் கிளம்புவதற்குள் ஒரு போலீஸ் கார் வந்து வழியை மறித்து நின்றது. நியூயார்க் கோபுரங்கள் விழுந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. மேலே ஒரு அணை இருக்கிறது. எங்கே போகிறீர்கள், எதற்கு மேப், கம்பி எதற்கு என்று அந்த அதிகாரி கேட்டுக்கொண்டே போனார். கன்றுகளை எண்ணப் போகிறோம் என்றேன். யாராவது அதற்காக இவ்வளவு தூரம் வருவார்களா என்றார். ரமணன் "சார், சார்" என்று விசா பேப்பரையெல்லாம் எடுத்து நீட்டினான். முக்கால் மணி நேரம் நிற்க வைத்துவிட்டு விட்டார்கள்.

வண்டி மலை ஏறியபோது எனக்கு வாய் ஓயவில்லை. "என்கிட்ட ஒண்ணுமே கேக்காம, மூஞ்சியப் பாத்தே முடிவு பண்ணிட்டான்யா! முப்பது வருஷமா இந்த நாட்டுல வரி கட்டுறேன். என்ன தைரியம் பாரு அவனுக்கு!" ரமணன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். என் பையில் அவனைப் பற்றிய கடிதத்தின் முதல் வரைவு இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு அன்று தோன்றவில்லை.

வண்டியை விட்டு இரண்டு மணி நேரம் நடந்தோம். மலை முதுகில் ஒரு இடத்தில் நின்று ரமணன் கீழே காட்டினான். பதினேழாம் பிளாட் ஒரு ஓடையின் வளைவில், செங்குத்தான சரிவுக்கு அடியில் இருந்தது. மேலிருந்து பார்த்தால் பெரிய ஃபர்களின் தலைகளும் அதற்குக் கீழே இருட்டும்தான் தெரிந்தன.

"மேடம், வேணாம். ஸ்லோப் ரொம்ப மோசம். உங்க முட்டி வேற சரியில்ல."

"என் முட்டிய நான் பாத்துக்கிடுதேன். நீ முன்னால இறங்கு."

"மேடம், ப்ளீஸ். நம்பர் கரெக்ட்தான். சத்தியமா."

"சத்தியத்த வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? இறங்குய்யா!"

அரை மணி நேரம். பாதித் தூரம் உட்கார்ந்தபடியே சறுக்கினேன். இறங்க இறங்க எனக்குள் ஏதோ உறுத்தியது. என்ன என்று பிடிபடவில்லை. கீழே போய் நிமிர்ந்து பார்த்தபோது பிடிபட்டது. விழுந்து கிடந்த ஒரு மகா மரம், அதன் வேர்க்கட்டை மட்டும் என் உயரத்துக்கு இரண்டு மடங்கு. விழுந்து பல காலம் ஆகிப் பாசி மூடியிருந்தது. ஒருமுறை பார்த்தால் சாகும்வரை மறக்காத மரம். நான் அதைப் பார்த்ததே இல்லை.

முதலில் எண்ணுவோம் என்று எண்ணினேன். நடுக் கம்பியில் கயிற்றைக் கட்டி வட்டத்தைச் சுற்றி வந்தேன். நாற்பத்தொன்று. எதிர்ப்பக்கமாகச் சுற்றினேன். நாற்பத்தொன்று.

எண்ணும்போதே தெரிந்துவிட்டது, இவை புதிதாக முளைத்தவை இல்லை. ஒவ்வொன்றின் தலையும் குடை மாதிரி தட்டையாக இருந்தது. உயரப் போக வெளிச்சம் இல்லாததால் பக்கவாட்டில் கையை விரித்துக்கொண்டு காத்திருக்கிற மரங்கள் அப்படித்தான் இருக்கும். கன்று என்று தமிழில் சொல்கிறோமே, அந்தச் சொல்லே நம்மை ஏமாற்றிவிடும். சிறியது என்றால் இளையது என்று நினைத்துவிடுகிறோம். வட்டத்துக்கு வெளியே தரையோடு அறுத்த இரண்டு கட்டைகள் கண்ணில் பட்டன.

"இத ஏன் அறுத்த?"

அவன் குனிந்து கட்டையின்மேல் இருந்த தூசியைத் தட்டினான்.

"வயசு வளையம் எண்ணினியா?"

"எண்ணினேன் மேடம்."

"எவ்ளோ?"

"ஒண்ணுல எண்பத்தெட்டு. இன்னொண்ணுல தொண்ணூத்தி நாலு."

"அத ஏன் தாள்ல எழுதல?"

"ஃபார்ம்ல அதுக்குக் கட்டம் இல்ல மேடம்."

"ரமணா, என்கிட்ட விளையாடாத. இந்தத் தாளுக்கு முன்னாடி எழுதினது எங்க? காட்டுல எழுதினது?"

அவன் முதுகுப் பையிலிருந்து இந்தியன் ஸ்டோர் கவர் ஒன்றை எடுத்தான். அதற்குள் கசங்கிய தாள்கள். மண், பிசின், நசுங்கிய கொசு, எல்லாம் இருந்தன. "ரஃப் நோட்ட எப்டி மேடம் ஆபீஸ்ல குடுக்கறது? அசிங்கமா இருக்கும்னு மோட்டல்ல உக்காந்து ஃபேர் பண்ணேன்" என்றான். அம்பத்தூரில் எந்த ஸ்கூலில் படித்தானோ, அந்த டீச்சரை எனக்கு நன்றாகவே தெரியும். பாளையங்கோட்டையிலும் அவர்தான் இருந்தார்.

பதினேழாம் பிளாட்டின் தாளை எடுத்தேன். ஓரத்தில் '88, 94' என்று எழுதி இரண்டு முறை கோடிட்டிருந்தது. அதற்குக் கீழே ஒன்பது வருடத்துக்கு முந்தைய தாளின் ஜெராக்ஸ் ஒட்டியிருந்தது. அதிலிருந்த பூஜ்யத்தைச் சுற்றி ஒரு வட்டம். பக்கத்தில் தமிழில், 'அப்ப இது?' என்று எழுதி, பிறகு அழுத்தி அழுத்தி அடித்திருந்தான்.

நாற்பத்தொன்று பொய்யாக இருக்க வேண்டும், அல்லது அவை ஒன்பது வருடத்தில் வளர்ந்திருக்க வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவதாக ஒரு வழி இருந்தது. இந்த மரங்கள் அன்றைக்கும் இங்கேயே, இதே உயரத்துக்குக் கொஞ்சம் கீழே நின்றிருக்கலாம். அது எனக்குத் தோன்றவே இல்லை. அந்தப் பூஜ்யத்துக்குக் கீழே இருந்த கையெழுத்து என்னுடையது.

யா அல்லாஹ், அப்போதுதான் எல்லாம் திரும்பி வந்தது. ஒன்பது வருடத்துக்கு முந்தைய அந்தப் பயணத்தில் பெரிய மரங்களை இன்னொரு குழு முன்பே அளந்திருந்தது. என் வேலை கன்றுகளை எண்ணுவது மட்டும். தனியாக மலை முதுகில் நின்றேன். இடி இடித்துக்கொண்டிருந்தது. எதிர் மலையில் ஒரு மரத்தில் மின்னல் இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன். சன்னிவேலில் என் சின்ன மகள் டேகேரில் காத்திருந்தாள். கீழே எட்டிப்பார்த்தேன், இருட்டு. இந்த நிழலில் என்ன முளைத்துக் கிழிக்கப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பூஜ்யம் போட்டுத் திரும்பினேன். பயந்தது தப்பில்லை. மின்னலுக்குப் பயப்படாதவர் இந்த வேலைக்கு வரவே கூடாது. போகவில்லை என்று எழுதாமல் பூஜ்யம் என்று எழுதினேன் பாருங்கள், அதுதான் தப்பு. கொஞ்ச நாளில் நானே அங்கே போய் வந்ததாக நம்பவும் ஆரம்பித்துவிட்டேன். அந்தத் தாளில் மழைத்துளி இருந்தது, பிசின் இருந்தது, பென்சில் மங்கியிருந்தது. என் விதிப்படி பார்த்தால் அப்பழுக்கில்லாத தாள்.

விழுந்த மரத்தின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"என்கிட்ட ஏன்யா கேக்கல?"

"எப்டி மேடம் கேக்கறது? நீங்க கீழ இறங்கவே இல்லியான்னா? எனக்கு வேலை வாங்கிக் குடுத்தவங்க நீங்க. ஏஜ் எழுதினா உங்க ஸீரோ தப்புன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடும். கவுன்ட் மட்டும் குடுத்தா போதும், அது உண்மைதானேன்னு விட்டுட்டேன்."

"மரத்த வெட்டிருவாங்கன்னு தோணலியா?"

"அது அப்புறம்தான் மேடம் புரிஞ்சுது. ஸீரோலேர்ந்து நாப்பத்தொண்ணுன்னா, இங்க சீக்கிரமா வளருதுன்னு அர்த்தமாயிடும்ல? நாலு நாளா தூக்கமே இல்ல. உங்ககிட்ட சொல்லிடலாம்னு தினமும் உங்க ரூம் வரைக்கும் வருவேன். நீங்க என்னை ஒரு மாதிரி பாத்தீங்க. போயிடுவேன்."

நான் எப்படிப் பார்த்தேன் என்பது எனக்குத் தெரியும். என் மானத்தைக் காப்பாற்ற அவன் எதை மறைத்தானோ, அதை வைத்தே அவன் பிழைப்பைக் கெடுக்க ஏற்பாடு செய்துவிட்டேன். பையிலிருந்த கடிதத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். படித்தான். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "சுதாகிட்ட இத சொல்ல வேணாம் மேடம்" என்றான். அழுதுவிட்டேன். ஹார்டு ஹாட் தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு, முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தக் காட்டில் ஒரு கிழவி மாதிரி உட்கார்ந்து அழுதேன்.

திங்கட்கிழமை காலை லிண்டாவின் மேசையில் ஒரு கடிதம் வைத்தேன். ஆனால் அது என்னைப் பற்றியது. ரமணனின் அழுக்குத் தாள்களையும், அந்தக் கட்டைகளிலிருந்து அறுத்த, வளையல் அகலம்கூட இல்லாத இரண்டு மர வட்டுகளையும் பக்கத்தில் வைத்தேன். லிண்டா கண்ணாடியை மாற்றிக்கொண்டு, குண்டூசி முனையால் தொட்டுத் தொட்டு வளையங்களை அவராகவே எண்ணினார். நான் நின்றுகொண்டே இருந்தேன். எண்ணி முடித்து, என் பழைய பூஜ்யத்தையும் பார்த்துவிட்டு, வேறு எத்தனை பிளாட்டில் இப்படிச் செய்திருக்கிறாய் என்று கேட்டார். இது ஒன்றுதான் என்றேன். உன்னை நான் எப்படி நம்புவது என்றார். என் பழைய பிளாட்டுகள் எல்லாவற்றையும் அந்தக் கோடையில் இன்னொருவர் போய்ச் சரிபார்த்தார்.

மற்றவை சரியாகத்தான் இருந்தன. ஆனாலும் இரண்டு வருடங்களுக்கு என் தாள் எதுவும் என் கையெழுத்தோடு மட்டும் வெளியே போகக்கூடாது என்று உத்தரவு. அறிக்கையில் நாற்பத்தொன்றும் இருந்தது, வயதும் இருந்தது, ஒன்பது வருடத்துக்கு முந்தைய பூஜ்யம் தவறு, அந்த இடத்துக்கு ஆள் போகவில்லை என்ற வரியும் இருந்தது. கீழே நிற்பவை தொண்ணூறு வருடமாகக் காத்திருப்பவை, முப்பது வருடத்தில் காட்டை நிரப்பிவிடும் என்று கணக்குப் போட முடியாது என்று எழுதினோம். மேனேஜர் போனில் கத்தினார். அடுத்த வேலையை எங்களுக்குத் தரவில்லை. ஆனால் அந்தச் சரிவில் ரம்பம் இறங்கவில்லை. சுதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது, இங்கேயே.

ஆகவே நான் சொல்ல வருவது இது. தாளைச் சந்தேகப்படுங்கள், தாராளமாக. சந்தேகம் இல்லாதவர் இந்த வேலைக்கு லாயக்கில்லை. ஆனால் இரண்டு எண்கள் ஒத்துவரவில்லை என்றால் இரண்டையும் சந்தேகப்படுங்கள், உங்கள் கையெழுத்து இருக்கிற எண்ணை முதலில். போகாத இடத்துக்குப் பூஜ்யம் போடாதீர்கள். ஒரு கோடு போட்டு, போகவில்லை என்று எழுதுங்கள். பக்கத்து மேசையில் இருப்பவரைப் பற்றி மேலே போய்ப் பேசுவதற்கு முன், அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்பதற்கு அரை நிமிடம்தான் ஆகும். நான் கேட்காததால் மூன்று பேருடைய வாழ்க்கை நான்கு நாள் என் பைக்குள் கிடந்தது.

இன்னொன்று சொல்லி முடிக்கிறேன். என் தாள்களில் போட வேண்டிய இரண்டாவது கையெழுத்துக்கு லிண்டா ரமணனை நியமித்தார். தண்டனையாகச் செய்தாரா, குறும்பாகச் செய்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த இலையுதிர்காலத்தில் வேறொரு மலையிலிருந்து திரும்பி, என் முதல் தாளை அவன் மேசையில் வைத்தேன். பிசின், மண், அடித்தல் திருத்தல் எல்லாம் இருந்தன. ஆறாம் பிளாட்டில் ஒரு பூஜ்யமும் இருந்தது.

ரமணன் வரிவரியாகப் பார்த்தான். பேனாவைத் திறந்தான். பூஜ்யத்துக்கு வந்ததும் மூடிவிட்டான். காது சிவந்திருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"மேடம்... இதுல நீங்க கீழ இறங்கிப் பாத்தீங்களா?"

ஒரு நொடி எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அப்புறம் போய்விட்டது.

"இறங்கினேன்" என்றேன். அவன் கையெழுத்துப் போட்டான்.